பதிவில் விழாத மேளம்

1

நாட்டுப்பாடல் என்று தமிழில் பேச ஆரம்பித்தால் அது பாட்டின் வார்த்தைகளைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலச் செய்யுளாக்கிச் சென்னையில் புத்தகமாகப் போட்டார். பெர்ஸி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி வைத்திருந்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது. மூவருடைய நோக்கமும் வேறு வேறு. கோவருக்குத் தென்னாட்டு ஜனங்களின் ஒழுக்க உணர்வை ஐரோப்பியர்களுக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. கி.வா.ஜ. அவற்றில் இலக்கிய ரசனையைத் தேடினார். வானமாமலை சமூக வரலாற்றைத் தேடினார். ஆனால் மூவர் கையிலும் பாட்டு காகிதத்துக்கு வந்துவிட்டது. வந்தபோது அதைத் தூக்கி நிறுத்திய கருவிகள் வெளியே நின்றுவிட்டன.

இது அவர்கள் மீது சொல்லும் குற்றமல்ல. அவர்கள் இல்லாவிட்டால் வார்த்தைகளும் மிஞ்சியிருக்காது. ஆனால் இதனால் நம்மிடையே ஒரு மனப்பழக்கம் உண்டாகிவிட்டது. பாட்டைச் ‘சேகரித்தாகிவிட்டது’ என்று சொல்லும்போது அதன் ஓசை போனதை ஒரு நஷ்டமாகவே நாம் கருதுவதில்லை. முகவீணை என்ற சொல்லைப் படிக்கிற, அந்தக் கருவியைக் கேட்டிராத வாசகனுக்கு என்ன தோன்றும்? நரம்புக் கருவி என்றுதான் தோன்றும். அது ஊதுகருவி. ஏறத்தாழ ஒரு அடி நீளம், நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவது, குரல் மட்டும் பல மடங்கு கூர்மை. பெயரை எழுதி வைத்தால் போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் வழிதவற விடும் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

வந்தவாசி சரித்திரப் புத்தகங்களில் ஒரே காரணத்துக்காக இடம்பெறுகிறது. 1760 ஜனவரி 22ஆம் தேதி ஐயர் கூட், லாலியை இங்கே தோற்கடித்தார். பிரெஞ்சுக்காரர்களின் இந்திய ஆசை ஏறக்குறைய அன்றோடு முடிந்தது. ஊருக்குப் பக்கத்தில், தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் இருக்கிறது. அதன் தூண் ஒன்றில் ஆடும் சிவனின் உருவம், தமிழகத்தில் கிடைக்கும் அத்தகைய உருவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கல் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த அடிக்கு அந்தக் கால் தூக்கப்பட்டதோ அதை அதனால் பிடிக்க முடியவில்லை. அதே நூற்றாண்டைச் சேர்ந்த குடுமியான்மலைக் கல்வெட்டு ஸ்வரங்களை எழுத்தாகவே வெட்டி வைத்தது. அது ஏழு ராகங்களின் பாடம், அறிந்தவன் அறிந்தவனுக்காக விட்டுச் சென்றது. ஊர்ப்புறத்து மேளத்துக்குக் கல்வெட்டும் கிடையாது, ஓலையும் கிடையாது. அடித்தவன் அடுத்தவனுக்குக் காட்டினான், அவ்வளவுதான்.

ஆகவே ஒலியையே எடுத்து வைக்கும் யந்திரம் வந்தபோது எழுத்தில்லாத இந்த இசைக்குத்தான் அது முதலில் பயன்பட்டிருக்க வேண்டும். நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

2

எடிசன் 1877இல் போனோகிராபைச் செய்தார். 1899இல் வியன்னாவிலும் 1900இல் பெர்லினிலும் ஒலி ஆவணக் காப்பகங்கள் தோன்றிவிட்டன. உலகத்தின் இசை முழுவதையும் மெழுகு உருளைகளில் திரட்டி ஒப்பிட்டுவிடலாம் என்று அந்தத் தலைமுறை ஜெர்மானிய அறிஞர்கள் மெய்யாகவே நம்பினார்கள். வியன்னாவிலிருந்து பெலிக்ஸ் எக்ஸ்னர் 1904–05இல் இந்தியா வந்து சமஸ்கிருத ஓதல்களைப் பதிந்துகொண்டு போனார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அந்த வேலையின் பகுதியாகப் பாட்டுகளையும் மேளங்களையும் மெழுகில் எடுத்தார். மூக்கின் அகலத்தை அளந்த அதே பயணங்களில் குரலும் எடுக்கப்பட்டது. நம் நாட்டுப்புற இசை யந்திரத்துக்குள் நுழைந்தபோது இசையாக நுழையவில்லை. மனித இனங்களின் மாதிரிப் பொருளாக நுழைந்தது. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தவை எதுவும் புரியாது.

இன்னொரு பக்கத்தில் வியாபாரம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜானைப் பதிந்தார். சில வருஷங்களுக்குள் சென்னையிலும் பதிவுகள் நடந்தன. வியாபாரிக்கு மாதிரிப் பொருள் வேண்டாம், விற்கும் பொருள் வேண்டும். தட்டு வாங்கக் கூடியவன் நகரத்தில் இருந்தான். அவன் கேட்டது கர்நாடக சங்கீதமும் நாடகப் பாட்டும். ஆக ஒரே காலத்தில் நம் இசைக்கு இரண்டு வாசல்கள் திறந்தன. ஒன்றின் மேல் ‘கலை’ என்றும் மற்றதன் மேல் ‘இனவியல்’ என்றும் எழுதியிருந்தது. எந்த வாசலில் யார் நுழைவது என்பதை முடிவு செய்தது இசையின் தன்மை மட்டுமல்ல.

யந்திரத்தின் குணமும் இதில் சேர்ந்துகொண்டது. 1925 வரை மைக் கிடையாது. ஒரு கூம்புக் குழாய்க்குள் பாட வேண்டும். அந்தக் காற்றசைவு ஊசியைத் தள்ளி மெழுகில் பள்ளம் கீறும். நடுத்தரமான குரல் இதற்குச் சௌகரியமானது. பெரிய தோல்வாத்தியத்தின் அடிக்குரல் பள்ளத்தில் ஏறவே ஏறாது. அடி பலமாக விழுந்தால் ஊசி எகிறிப் பதிவே கெடும். பாடுகிறவரைக் கூம்பின் அருகே நிறுத்துவதும் மேளக்காரரைத் தூரத் தள்ளுவதும் அன்றைய தொழில் முறை. தட்டின் நீளம் இன்னொரு கத்தி. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். கீர்த்தனையைச் சுருக்கலாம். நாடகப் பாட்டைச் சுருக்கலாம். பம்பைக்காரர் சாமியை வருணித்து அழைக்க ஆரம்பித்தால் முதல் மூன்று நிமிஷத்தில் தாளம்கூட நிலைத்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தட்டு எல்லா ஊதுகருவியையும் தோல்கருவியையும் ஒதுக்கிவிடவில்லை. ஓடியன் தட்டில் வந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் நின்ற நாகசுரத்தைக் கேட்டிராத வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. ஒரு தட்டு ஒரு கருவியின் மதிப்பையே மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி. பெரிய மேளத்துக்கு ராகம் இருந்தது, இலக்கணம் இருந்தது, சபையில் கேட்கிறவன் அடையாளம் கண்டுகொள்ளும் பெயர்கள் இருந்தன. பம்பைக்கும் முகவீணைக்கும் பறைக்கும் அந்தப் பெயர்கள் இல்லை. பெயர் இல்லாததை வியாபாரி எந்தத் தலைப்பின் கீழ் அச்சடிப்பான்?

3

வடாற்காடு என்று நேற்றுவரை நாம் அழைத்த இந்தப் பகுதியில் பங்குனி பிறந்தால் ஆடி முடிய ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் கூத்து. அருச்சுனன் தபசுக்கு நட்ட மரம் நிற்கும். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். அதன்பின் தீமிதி. ஆல்ப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய இரண்டு தொகுதிகளும், 1990இல் வந்த ரிச்சர்ட் பிராஸ்காவின் தெருக்கூத்து ஆராய்ச்சியும் இந்த நிலத்தையும் இதன் சுற்றுப்புறத்தையும் நம்பி எழுந்தவை.

கூத்தின் இசையைப் பற்றி ஸ்தூலமாகப் பேசுவோம். ஆடுகிறவர்களுக்குப் பின்னால் மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், கைத்தாளம், முகவீணை. எல்லாக் கருவிகளும் சேர்ந்து முழங்கிக் களரி கட்டிய பிறகே கட்டியங்காரன் வருவான். திரைக்குள் நின்று வேஷக்காரர் விருத்தம் எடுப்பார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் முகவீணை புகுந்து சுருதியைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். இரவு பத்துமணிக்கு ஆரம்பித்து விடியும்வரை அந்தக் குழல் வாயை விட்டு இறங்குவது சில நிமிஷங்களே. விடியற்காலையில் துகில் உரியும் கட்டத்தில் அது எழுப்பும் ஓசைக்கும் முன்னிரவில் எழுப்பிய ஓசைக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஊதுகிறவருக்குக் களைப்பு, சீவாளிக்கு ஈரம், கேட்கிறவனுக்கும் பாதித் தூக்கம். இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த இசை. இதில் மூன்று நிமிஷத்தை வெட்டி எடுத்தால் கிடைப்பது மாதிரித் துண்டுதான்.

செய்யாறுக்கு அருகிலுள்ள புரிசையையும் அங்கே கண்ணப்பத் தம்பிரானையும் நம் வட்டத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ந. முத்துசாமி. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையும் கூத்தைப் பற்றி அவர் எழுதியவையும் நவீன நாடகம் பற்றிய நம் பிரக்ஞையை மாற்றின. வெங்கட் சாமிநாதன் கூத்தையும் பாவைக்கூத்தையும் பற்றி எழுதிய கட்டுரைகள், சினிமாவையே கலை என்று நம்பிய ஒரு சமூகத்தின் முன் வைக்கப்பட்ட கண்டனங்கள். இருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். ஆனால் நாம், அவர்களைப் படித்த சிறுபத்திரிகைக்காரர்கள், கூத்தைக் கண்ணால்தான் எடுத்துக்கொண்டோம். கிரீடம், புஜக்கட்டை, கிறுகி, அடவு, திரை. நடிகனின் உடல் என்று எவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறோம்! பெஞ்சியில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஊதியவரின் உடலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறோமா? பாட்டைச் சேகரித்தவர்கள் வார்த்தையை எடுத்துக்கொண்டு மேளத்தை விட்டார்கள் என்றால் நாம் வேஷத்தை எடுத்துக்கொண்டு மேளத்தை விட்டோம். விஷயம் ஒன்றுதான்.

4

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் தேதியும் திருச்சி நிலையம் அடுத்த ஆண்டிலும் ஆரம்பமாயின. அரசாங்கம் நடத்துவது, தட்டு விற்க வேண்டியதில்லை, கிராமத்தானும் கேட்பவன். நாட்டுப்புற இசைக்கு இதைவிட நல்ல இடம் வேறு இருந்திருக்க முடியாது. கொல்லங்குடி கருப்பாயி போன்ற ஒரு குரல் 1985இல் ‘ஆண் பாவம்’ படத்துக்குப் போவதற்கு முன்பே நமக்குக் கேட்டதென்றால் அது வானொலியால்தான். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வானொலிக்கும் ஒரு சங்கீதக் கொள்கை இருந்தது. 1940இல் ஆர்மோனியம் அகில இந்திய வானொலியில் தடை செய்யப்பட்டது. கமகத்தை அது காட்டாது, சுருதி நம்முடையதல்ல என்பது வாதம். சாஸ்திரிய சங்கீதத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. 1971இல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. இடைப்பட்ட முப்பது வருஷங்களில் இந்தப் பக்கத்துக் கூத்துக் குழுக்களோ ஆர்மோனியத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அந்நியப் பெட்டி ஒன்றை எடுத்துத் தங்கள் தொண்டைக்கு ஏற்பப் பழக்கிக்கொண்டதுதான் அவர்களுடைய மரபு. எது நம் மண்ணின் கருவி என்பதை டில்லியில் ஒரு கமிட்டி தீர்மானிக்கலாம். களரியில் அதைத் தீர்மானிப்பவர் பின்பாட்டுக்காரர். ‘பாரம்பரியக் கருவி’ என்ற சொல்லை நாம் உபயோகிக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. பழமையால் ஒரு கருவி பாரம்பரியமாவதில்லை, பழக்கத்தால் ஆகிறது.

ஒலிப்பதிவு அறையின் கதவுகளுக்கும் ஒரு கொள்கை உண்டு. பறையை அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அதன் தோலைக் காய்ச்ச வேண்டும். கன்றுத்தோல் சூட்டில் இறுகினால்தான் அந்தக் கணீர் வரும். அரைமணி நேரத்தில் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். குளிர்சாதனம் வைத்த, தீ எரிக்கக் கூடாத அறைக்குள் பறை போகும்போது அதன் குரலில் பாதி வாசலிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே பதிவாகும் ஓசையைக் கேட்டு, ‘முரட்டுக் கருவி, நுட்பம் கிடையாது’ என்று அபிப்பிராயம் சொல்கிறவர்கள் உண்டு. வலது கையின் குட்டையான அடிக்குச்சியும் இடது கையின் மெல்லிய நீண்ட சுண்டுகுச்சியும் தோலின் நடுவிலும் விளிம்பிலும் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த கேசட், 1980களில் இந்தியாவின் இசை வியாபாரத்தையே கவிழ்த்துப் போட்டது. பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். பதிய ஸ்டூடியோ வேண்டாம், பெரிய முதல் வேண்டாம். கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் மேடையில் பாடியவை கேசட்டில் ஊர் ஊராகப் போயின. கூத்தும் பாரதமும் சின்னக் கடைகளில் கிடைத்தன. ஆனால் திருவிழாவில் கையடக்கப் பெட்டியை வைத்துப் பதிந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அந்தப் பெட்டிகள் ஓசையின் அளவைத் தாமே சரிசெய்துகொள்பவை. பலமான அடி விழுந்தால் அளவைக் குறைக்கும், அமைதி வந்தால் கூட்டும். பம்பை ஒரு அடி எழுப்பியதும் பாட்டு சட்டென்று பள்ளத்தில் விழும். பின் மெல்ல ஏறும். ஏறி முடிப்பதற்குள் அடுத்த அடி. மரத்தாலான ஒரு பம்பையும் உலோகத்தாலான ஒரு பம்பையும் சேர்த்துக் கட்டியிருப்பதே இரண்டு குரல்களின் வேற்றுமைக்காக. பெட்டி அந்த இரண்டையும் ஒரே இரைச்சலாக்கிக் கொடுத்தது. உடுக்கையின் நாடாவை அமுக்கும்போது அதன் குரல் குழைந்து ஏறுவது நாடாப் பதிவில் பல சமயம் கேட்பதே இல்லை.

5

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு வருகிறவர்களில் கோரைப்பாய் நெய்கிறவர்கள் உண்டு, ஆரணிப் பட்டுத் தறிக்காரர்கள் உண்டு, நிலத்துக்காரர்கள் உண்டு. படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பட்டு நெசவு என்றால் தயங்காமல் எழுதலாம். பட்டுக்கு எடை உண்டு, ஜரிகைக்குத் தரம் உண்டு, சங்கத்தில் உறுப்பினர் எண் உண்டு. பம்பை அடிக்கும் ஒருவர் நகைக்கடனுக்கு வந்தபோது அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டேன். “விவசாயக் கூலின்னே போடுங்க சார். பம்பைன்னு போட்டா ஒரு மாதிரி பாப்பாங்க” என்றார். வருஷத்தில் பாதி ராத்திரிகள் அவர் செய்யும் வேலை அந்தப் படிவத்தில் இல்லை. தர்ஸ்டனின் தொகுதியில் ஒரு ஜாதியின் கீழ்க் குறிப்பாக அவர் தாத்தா இருந்திருக்கலாம். படிவத்தில் பேரன் கூலி. நடுவில் கலைஞன் என்ற சொல் எங்கேயும் அவர்மேல் வந்து உட்காரவில்லை. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் வந்து அடையாள அட்டையும் வந்துவிட்டது. நல்லதுதான். அட்டை இருந்தும் அவர் கூலி என்றே எழுதச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொருவரிடம் பறையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும். அவர் கேட்டது இதுதான்: “எங்கப்பா அடிச்சாரு சார். நான் உட்டுட்டேன். என் பையன் நர்சிங் படிக்கிறான். நீங்க எதுக்கு இப்ப அதத் தேடுறீங்க?”

இந்தக் கேள்விக்கு நம் பாதுகாப்புவாதிகளிடம் பதில் கிடையாது. ஒரு கருவி அழிகிறது என்றால் நாம் துக்கப்படுகிறோம். சாவுக்கு அடிக்க வேண்டும் என்ற கட்டாயம், கூலியாக ஒரு படி தானியம், அடித்தவனுக்கு உள்ளே வர உரிமையில்லாத தெரு, இவையும் அதோடு சேர்ந்து அழிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தலித் இயக்கங்கள் பறையடிக்க மறுப்பதை ஒரு போராட்டமாகவே நடத்தின. அந்த மறுப்பினால் சில தாளங்கள் மறந்துபோயிருக்கும். அதற்காக மறுத்தவர்களைக் குறை சொல்கிறவன் இசையை நேசிப்பவனாக இருக்கலாம், மனிதர்களை யோசிப்பவனாக இருக்க முடியாது.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவும் இல்லை. 1980களிலும் 90களிலும் அதே பறையை விடுதலையின் கருவியாகக் கையிலெடுத்தவர்கள் வந்தார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டையும் எதிர்ப்பையும் அமைத்தார். குணசேகரன் அதை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோனார். இன்று கல்லூரிகளில் பெண்கள் பறை அடிக்கிறார்கள். என்னிடம் கேள்வி கேட்ட பெரியவரின் தம்பி மகன் சென்னையில் ஒரு பறைக்குழுவில் இருக்கிறான். ஒரே குடும்பத்தில் ஒருவர் கீழே போட்டது சுயமரியாதை, இன்னொருவன் எடுத்தது சுயமரியாதை. இரண்டையும் ஒரே சமயத்தில் உண்மை என்று ஏற்காத எந்தச் சரித்திரமும் பொய்யாகத்தான் இருக்கும். மைக்கை நீட்டுகிறவன் முன் இரண்டாமவன் மட்டுமே நிற்பான். முதலாமவர் பதிவில் மௌனமாகக்கூட இருக்க மாட்டார்.

6

ஒலிப்பதிவு திரும்பி வர முடியும் என்பதற்கு நம்மிடம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆர்னால்ட் பேக், 1899இல் பிறந்த டச்சுக்காரர். 1925இல் சாந்திநிகேதனுக்கு வந்து, பின்பு இந்தியா முழுவதும் அலைந்து பதிவு செய்தவர். 1963இல் லண்டனில் இறந்தார். 1938இல் அவர் தமிழகம், கேரளம், கர்நாடகப் பகுதிகளில் பயணம் செய்து ஒலிப்பதிவுகளும் பேசாத படங்களும் எடுத்தார். அவை ஐரோப்பாவில் அலமாரிகளில் கிடந்தன. 1984இல் நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பழைய ஒலியைக் கையோடு எடுத்துக்கொண்டு அதே பாதையில் மறுபடி போனார்கள். எது அப்படியே இருக்கிறது, எது மாறிற்று, எது நின்றுவிட்டது என்று அந்தந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து கேட்டார்கள். 1991இல் அதைப் படமாகவும் வெளியிட்டார்கள். அதற்கு முன் 1982இலேயே, வெளிநாட்டில் கிடக்கும் இந்திய ஒலிப்பதிவுகளின் பிரதிகள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஓர் ஆவண மையம் புனேயில் தொடங்கப்பட்டது. அது பிறகு டில்லிக்கும் குருகிராமுக்கும் இடம் மாறியது.

இதில் முக்கியமானது 1938 அல்ல, 1984. மெழுகிலோ நாடாவிலோ ஒலி இருப்பது ஒரு தகவல். அந்த ஒலியை அடித்தவருடைய ஊரில் போட்டுக் கேட்ட பிறகுதான் அது ஞாபகமாகிறது. “இந்த அடி எங்க பெரியப்பா அடி” என்றோ, “இது தப்பு, இப்படி அடிக்க மாட்டோம்” என்றோ சொல்லக்கூடியவர் அங்கேதான் இருப்பார். அவருக்குத் தெரிந்ததை லண்டனிலோ குருகிராமிலோ எந்த அட்டவணையும் எழுத முடியாது.

இன்று யந்திரத்தின் தடைகள் அனேகமாகத் தீர்ந்துவிட்டன. ராத்திரி முழுக்க நடந்த கூத்தை ஊர்ப் பையன்களே கைபேசியில் எடுத்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். மூன்று நிமிஷம் எட்டு மணி நேரமாகிவிட்டது. எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, துபாயில் இருக்கும் ஊர்க்காரனும் கேட்கிறான். நான் இதைக் கேவலமாக நினைக்கவில்லை. தர்ஸ்டனும் ஓடியனும் வானொலியும் செய்யாததை இவர்கள் செய்கிறார்கள். ஆனால் தலைப்பில் நாடகத்தின் பெயர் இருக்கும், மன்றத்தின் பெயர் இருக்கும், துரியோதனன் வேஷம் கட்டியவர் பெயர் இருக்கும். முகவீணைக்காரர் பெயர் இருக்காது. பெயரை விட்டுவிடும் பழக்கம் நூறு வருஷத்தில் பழுத்து இயல்பாகிவிட்டது.

சட்டம்கூட இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் நிற்கிறது. 1994இல் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவனுக்கென்று ஓர் உரிமை சேர்க்கப்பட்டது. முதலில் இருபத்தைந்து வருஷம், 1999 திருத்தத்தில் ஐம்பது. எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் மட்டுமல்ல, அடித்தவனுக்கும் ஊதியவனுக்கும் தன் ஓசையின் மேல் பாத்தியதை உண்டு என்று இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்டு ஒரு தலைமுறை ஆகிறது. பாத்தியதையைக் கோருவதற்குப் பெயர் வேண்டும். பெயர் எழுதப்படாதவனுக்கு அந்தப் பிரிவு காகிதம்.

2025இல் பத்மஸ்ரீ பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானும் ஒன்றாக இடம்பெற்றார்கள். கூத்தும் பறையும் ஒரே காகிதத்தில். ஓர் அரசாங்கப் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்படும் பழக்கம் நம் வட்டத்தில் கிடையாது. இந்த ஒன்றுக்குச் சந்தோஷப்படலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விருது ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். மேளமோ நாலு பேர் சேர்ந்து செய்வது.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. பம்பையிலும் மற்ற மேளங்களிலும் தோலுக்குப் பதில் பைபர் ஏறி வருகிறது. மழைக்குத் தளராது, காய்ச்ச வேண்டாம், மலிவு. அடிக்கிறவருக்கு அது சௌகரியமென்றால் வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஆனால் இருபது வருஷத்துக்குப் பின் தோலின் குரல் எப்படி இருந்தது என்று ஒரு இளம் பம்பைக்காரன் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பழைய பதிவு எவ்வளவு குறைபட்டதானாலும் அப்போது அதுதான் சாட்சி.

ஆகவே, பதிவு செய்வதா வேண்டாமா என்பது இனி கேள்வியே அல்ல. எப்படி என்பதுதான். இந்தப் பக்கத்தில் ஓர் இரவைப் பதிகிறவன் குறித்துக்கொள்ள வேண்டியவை பெரிய ஆராய்ச்சி ஒன்றும் அல்ல. ஊதியவர், அடித்தவர் ஒவ்வொருவருடைய பெயர், அவர் சம்மதித்தால். யாரிடம் கற்றார். மேளத்துக்கு என்ன மரம், தோலா பைபரா. எந்தச் சாமிக்கு, எந்தக் கட்டத்தில், மணி என்ன. அன்றைய கூலி எவ்வளவு, யார் கொடுத்தது. அடிக்க மறுத்தவர் ஊரில் இருந்தால், அவர் அனுமதியோடு, ஏன் மறுத்தார் என்ற அவருடைய சொல். அந்தப் பதிவை வேறெங்கும் போடுவதற்கு முன் அதே ஊரில் ஒருமுறை எல்லோரும் கேட்கப் போட வேண்டும். ‘இது வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் அழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கையிலிருக்கும் கைபேசியும் போதும். பணம் இல்லை, ஸ்தாபனம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நம்மில் ஒருவருக்கும் இனி வழியில்லை. அடுத்த சித்திரையில் ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடக்கும்போது ஆடுகிறவருக்குப் பின்னால் போய் உட்கார வேண்டியதுதான்.